காஞ்சிபுரத்தில் டீச்சர் என்றொரு குதிரை

விடியற்காலையில் ஜன்னல் வழியாக அந்த மணம் வந்தது. ஈரப் புல், வியர்வை, புதிதாக விழுந்த லத்தியின் இளஞ்சூடு. கண் திறக்காமலே நான் நெடுந்தீவுக்குப் போய்விட்டேன். பவளக்கல் மதில்கள், உப்புக் காற்று, பனை நிழலில் நின்றபடியே தூங்கும் மட்டக்குதிரைகள். அவை யாருக்கும் சொந்தமில்லை. வெள்ளைக்காரர் விட்டுப்போன குதிரைகளின் பேரப்பிள்ளைகள், கோடையில் எலும்பாகி, மாரியில் மீண்டும் குதிரையாகிறவை. பள்ளிக்கூடம் போகும் வழியில் மறித்து நிற்கும். அவை ஒதுங்காது, நாங்கள் ஒதுங்குவோம். எங்கள் தீவில் குதிரைக்கும் மனிதருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தால் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம், நெசவுக்காரர் வீட்டின் மாடி அறை. கீழே இரண்டு பெண்குரல்கள்.

"டீச்சருக்குக் கொள்ளு ஊற வெச்சியாடி?"

"அதெல்லாம் ஆச்சு. நேத்து டீச்சர் புல்லே துன்னல. சும்மா மொறச்சிக்கினு நின்னிச்சு."

இந்தியாவில் ஆசிரியர்களின் நிலைமை இவ்வளவு மோசமா என்று எழுந்து உட்கார்ந்தேன்.

இறங்கிப் போனேன். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, அதற்குள் உயரமான வெள்ளைக் குதிரை. பெண்குதிரை. மூக்கின் ஓரத்தில் மட்டும் ரோஜா நிறம். தலையை மெதுவாகத் திருப்பி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவள்போல் எனக்குக் கை குளிர்ந்தது. பெயர் வந்த காரணம் விளங்கிவிட்டது.

நான் வந்த காரியம் ஒரு சீலை. ராணியின் மகளுக்குக் கலியாணம். ராணியும் நானும் தீவுப் பள்ளியில் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள், முழங்கால் வருத்தம், அசைய முடியாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக்கூட ஃபோனில் பார்த்து முடிவு செய்துவிடுவோம். கூறைச்சீலையை அப்படி விடமுடியாது. ஆகவே நான் அனுப்பப்பட்டேன். "நீ கவிதை எழுதுறனியெல்லே, உனக்கு நிறம் தெரியும்" என்றாள். என் கவிதை ஒன்றைக்கூட அவள் வாசித்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சீலை லோகுவின் தறியில் இருந்தது. கொட்டகையில் நின்ற இருவரில் மெலிந்தவள் லோகு. பேச்சில், நடையில், தேங்காய் துருவுவதில்கூட ஓர் அவசரம். தடித்தவள் கன்னியம்மா. தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் மாடு மேய்க்கிறவனைத் திட்டிப் பழகிய குரல். இருவரும் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து சிநேகிதிகள். டீச்சர் இருவருக்கும் பொது.

"எங்க வூட்டுக்காரரு வாங்கியாந்த குதிரக்கா" என்றாள் கன்னியம்மா. "பந்தயத்துல ஓடி ரிட்டையர் ஆனது. கல்யாண ஊர்கோலத்துக்கு சாரட்டு வண்டி இழுக்க வெச்சிக்கலாம்னு ஓட்டியாந்தாரு. வந்த அன்னிக்கே கடிச்சிடுச்சி. எங்கன்னு கேக்காதீங்க. ரொம்ப நாளு மனுசன் நின்னுக்கினே சோறு துன்னாரு. அதான் இங்க லோகு வூட்டாண்ட கொண்டாந்து கட்டிட்டோம்."

"ஆம்பளைங்க கிட்ட வந்தாலே ஆவாது இவளுக்கு" என்றாள் லோகு பெருமையாக, மகள் முதல் மாணவியாக வந்ததைச் சொல்வதுபோல.

முதல் நாள் பேருந்து நிலையத்தில் இருந்து என்னைப் பத்துப் பேருக்கு நடுவில் மடித்து ஏற்றிவந்த ஷேர் ஆட்டோக்காரர் நினைவுக்கு வந்தார். "காஞ்சிபுரம் வந்துட்டீங்க, எது வேணா வாங்குங்கம்மா. குதிர மட்டும் வாங்கிடாதீங்க" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். பட்டு வாங்க வந்தவளிடம் இதை ஏன் சொல்கிறார் என்று வழி முழுவதும் குழம்பினேன். அவர்தான் கன்னியம்மாவின் கணவர்.

"நீங்க கேரளாவாக்கா?" என்றாள் கன்னியம்மா. நான் வாயைத் திறந்தால் இந்த ஊரில் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

"இலங்கை. நெடுந்தீவு. எங்கட தீவில காட்டுக்குதிரையள் நிறைய."

கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குதிரைங்க இருக்குற தீவா?" என்றாள் லோகு.

"இருக்கு. ஆனா நாங்கள் ஒரு நாளும் தொட்டதில்லை."

"தொடாமலே பழகிட்டாங்களாம்டி" என்றாள் கன்னியம்மா மரியாதையோடு.

அன்றைக்குச் சீலை கைக்கு வரவில்லை. தறியில் இன்னும் ஒரு முழத்துக்கு மேல் பாக்கி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்கிற வேலைக்கு இங்கே கோர்வை என்று பெயர். அதற்கு ஆள் இரண்டு வேண்டும். நெய்கிறவர் நடுவில், கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளிக்கொடுக்கிறவர் பக்கத்தில். லோகு நெய்ய, பக்கத்தில் இருப்பது கன்னியம்மா. வயல்வேலை இல்லாத நாளெல்லாம் விடியுமுன் முதல் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவாள்.

நான் அருகில் இருந்து பார்த்தேன். மயிற்கழுத்து நிறத்தில் ராணியின் சீலை, மாம்பழ மஞ்சள் கரையோடு, விரல் விரலாக வளர்ந்தது. அதைவிட வேகமாக வளர்ந்தது பேச்சு. பக்கத்து ஊரான கூரத்தில் யாரோ ஒருத்தி மருமகளுக்குப் பயந்து பூஜையறையில் ஒளித்து வைத்து வடை தின்கிறாள் என்ற செய்தி நாடாவோடு போய் நாடாவோடு திரும்பியது. ஒருத்தி தொடங்கிய வசனத்தை மற்றவள் முடித்தாள். இந்தச் சீலைக்குள் வடைக் கதையும் நெய்யப்பட்டிருக்கிறது என்று ராணிக்குச் சொல்லக்கூடாது என முடிவு செய்தேன்.

ராணி ஃபோனில் கூப்பிட்டாள். "சீலை முடிஞ்சுதோ?"

"இல்லை. அவையள் குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிட்டினம்."

"நீ சாப்பிட்டனியோடி?" என்றாள் ராணி கவலையாக.

சாப்பிட்டேன். கோயில் பக்கத்துக் கடையொன்றில் காஞ்சிபுரம் இட்லி கேட்டேன். இட்லி என்றால் வட்டமாக, பூனைக்குட்டியின் முதுகு போல இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். வந்தது தூண். இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, துண்டு போட்டு, மிளகும் சுக்கும் சீரகமும் தெரியத் தெரிய. எங்கள் குழாய்ப் பிட்டின் பணக்காரச் சித்தப்பா. தேங்காய்ப்பால் சொதி கேட்டேன், அப்படி ஒன்று இல்லையாம். மோர்க்குழம்பு கொடுத்தார்கள், மன்னித்தேன். பக்கத்து மேசையில் ஜரிகை வியாபாரிகள் இருவர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் கதைத்தார்கள். என்னவென்று கடைக்காரரைக் கேட்டேன். "நீங்க பேசுறது பாட்டு மாதிரி இருக்குதாம். ஆனா யாரோ செத்துட்ட பாட்டாம்" என்றார்.

அடுத்த நாள் காலை டீச்சரின் நடைப்பயிற்சி. கழுத்தின் இடது பக்கம் லோகு, வலது பக்கம் கன்னியம்மா. இருவரில் ஒருத்தி இல்லாவிட்டால் டீச்சர் அசையாது. ஒருமுறை கன்னியம்மாவுக்குக் காய்ச்சல், லோகு மட்டும் போனாளாம், தெருமுனையில் நின்றுவிட்டது. பிறகு கன்னியம்மாவைப் போர்வையோடு ஆட்டோவில் கொண்டுவந்து வலது பக்கத்தில் நிறுத்தினார்களாம். இருமிக்கொண்டே நடந்தாளாம், டீச்சரும் நடந்ததாம்.

"எங்க ரெண்டு பேரு கஞ்சி வாசன அதுக்கு வேணும்" என்றாள் லோகு. தறியின் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போடுகிற வீடு. இருவரின் நூல்புடவையிலும் அந்தக் கஞ்சி ஏறியிருக்கும். டீச்சர் அவ்வப்போது தலைப்பை நக்கும்.

சிக்கல் அன்று மத்தியானம் வெளிவந்தது. லோகுவின் மகளுக்கு அந்த வாரமே கலியாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு டீச்சர்தான் சாரட்டு இழுக்கவேண்டும், வேறு குதிரையைக் கூப்பிட்டால் டீச்சருக்கு அவமானம். ஆனால் மாகறலில் இருந்து மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பியிருந்தார், பெண்ணின் அம்மா குதிரை பிடித்துக்கொண்டு ரோட்டில் வரக்கூடாது என்று. நாலு பேர் என்ன சொல்லுவார்கள். லோகு ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"அப்ப இடது பக்கம் யாரு?" என்றாள் கன்னியம்மா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குக் குதிரை தெரியாது" என்றேன்.

"பெரியவங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாள் கன்னியம்மா.

அன்று சாயந்தரமே ஒத்திகை. லோகுவின் பழைய நூல்புடவையை எனக்குக் கட்டிவிட்டார்கள். கஞ்சி வாசனை, கழுத்துவரை. இடது பக்கம் நான். கன்னியம்மா வலது பக்கம். லோகு எங்களுக்குப் பின்னால் நடந்து கட்டளை போட்டுக்கொண்டே வந்தாள். "அக்கா, தோள தளர்த்துங்க! கன்னி, அவங்க கைய பாருடி, கடிவாளத்த துணி புழியிற மாதிரி புடிச்சிக்கினு இருக்காங்க!" "நீ வாய மூடிக்கினு வாடி, அவங்க தீவுல அப்பிடித்தான் புடிப்பாங்க!" என்று கன்னியம்மா திரும்பிக் கத்த, டீச்சர் மந்திரி மனைவி போல நடந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். என் உள்ளங்கையில் டீச்சர் மூச்சு விட்டது. ஈரமாக, சூடாக. என் ஐம்பது வயதுக்குப் பிறகு ஒரு குதிரை என்னை ஏற்றுக்கொண்டது என்று மனசுக்குள் கவிதை ஒன்று வாலைத் தூக்கியது.

"பாத்தியா, புடவதான்" என்றாள் லோகு. எல்லோருக்கும் நிம்மதி.

கன்னியம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனபிறகு, லோகு தறியில் விளக்கைப் போட்டுவிட்டு, நெய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். கன்னிகிட்ட சொல்லாதீங்க." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "இந்த ஊர்கோலம் மட்டும் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் குதிர பக்கமே போவக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சம்பந்தி. நான் சரின்னுட்டேன்."

"கன்னியம்மாவுக்குச் சொல்லேல்லையோ?"

"எப்பிடிக்கா சொல்றது? நான் இல்லேன்னா டீச்சர் நடக்காது. நடக்காத குதிரய எத்தினி நாளு வெச்சி சோறு போடுவா? வித்துதான் ஆவணும். வாங்குறவன் ஆம்பளையா இருப்பான், இது கடிக்கும், அவன் அடிப்பான்." கண்ணைத் துடைத்தாள். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கிறேன்."

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கீழே டீச்சர் கொள்ளு மெல்லும் சத்தம், ஒரு வயதான தட்டச்சு இயந்திரம் போல.

மாப்பிள்ளை அழைப்பு நாள். பிள்ளையார் கோயில் வாசலில் சாரட்டு தயார். பூ, சீரியல் லைட், பின்னால் ஜெனரேட்டர். டீச்சரின் நெற்றியில் குஞ்சம். நான் லோகுவின் நூல்புடவையைக் கட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் இறங்கினேன். லோகு வெளியே வந்து பார்த்தாள். முகம் இருண்டது.

"ஐயய்யோ, இன்னா கோலம் இது!"

"உங்கட சீலைதானே."

"எம் பொண்ணு கல்யாணத்துல, கடல் தாண்டி வந்தவங்க நூல் பொடவயோட ஊர்கோலத்துல நடக்கறதா? காஞ்சிபுரத்துல? பாக்குறவங்க எங்க தறிய பாத்து காறித் துப்ப மாட்டாங்க?"

"லோகு, டீச்சருக்குக் கஞ்சி வாசம்..."

"டீச்சரும் காஞ்சிபுரத்துக் குதிரதான். பட்டுன்னா அதுக்கும் மரியாத தெரியும்."

நெசவுக்காரி வீட்டுக் கலியாணத்தில் நின்றுகொண்டு பட்டு வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அறைக்குள் தள்ளி, தறியில் இருந்து இறங்கி ஒருநாளும் கட்டாத அரக்குப் பட்டொன்றை எனக்குச் சுற்றினாள். எடை ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கியதுபோல இருந்தது. ஐந்து முழம் மல்லிகை. நெற்றியில் சந்தனம். நான் ஒரு கொலுப் பொம்மையாகக் கோயிலடிக்குப் போனேன்.

கன்னியம்மா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அவதானே? தெரியும்."

மாப்பிள்ளை ஏறினார். கணினி வேலை பார்க்கிற, சாந்தமான பையன். அவருடைய தாய் சாரட்டின் பக்கத்தில், முதுகு நேராக, கையில் விசிறி. பேண்டு முழங்கியது. டீச்சர் இரண்டு வீடு தாண்டும்வரை நடந்தது, அதற்கும் வண்டியைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சந்தியில், நான்கு பக்கமும் வண்டிகள் வருகிற இடத்தில், நின்றது.

"வா டீச்சர்" என்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தது. நான் புதிதாக வந்த பள்ளி இன்ஸ்பெக்டர்.

"ஹேய், நட!" என்றாள் கன்னியம்மா. பேண்டு சத்தத்தில் அவளுக்கே கேட்டிருக்காது. பின்னால் அரசுப் பேருந்து ஹாரன். எதிரே பெருமாள் கோயிலுக்குப் போகிற வேன். நான் கெஞ்சினேன், என் தீவின் பெயரைச் சொல்லி. மாப்பிள்ளை ஃபோனை எடுத்து, பிறகு வைத்துவிட்டார். குதிரைக்கு ஆப் இல்லை.

"பொடவய மாத்திட்டா, பட்டுப் பைத்தியம்!" என்றாள் கன்னியம்மா. "யாராச்சும் அந்தப் பழைய பொடவைய எடுத்தாங்கப்பா!"

பழைய புடவை எங்கே என்று கேட்டு ஆள் போனது. லோகு அதை வாளியில் ஊறப்போட்டுவிட்டாளாம்.

நிச்சயப் பத்திரிகை வாசிக்க வைத்த நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் விசிறியை மடித்தார். "இதான் சொன்னேன், குதிரயும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு. பரவால்ல, இன்னிக்கோட இந்தப் பொழப்பு முடிஞ்சிது. சம்பந்தியம்மா இனிமே இந்தக் குதிர பக்கமே வரமாட்டேன்னு ஒத்துக்கினாங்க."

கன்னியம்மா மெதுவாகத் திரும்பினாள். "இனிமேன்னா?"

"இனிமேன்னா இனிமேதான். ஏன், உங்ககிட்ட சொல்லலயா?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் டீச்சரின் காதைப் பார்த்தேன். அவளுக்குப் போதுமாயிருந்தது. வாயை மூடினாள். நான் இந்த ஊருக்கு வந்ததில் இருந்து முதல்முறையாக அவள் பக்கம் சத்தமே இல்லை.

ஹாரன்கள் கூடின. மாப்பிள்ளையின் தாய் வேறு வழியில்லாமல் தானே ஃபோனை எடுத்தார். "சம்பந்தி, நீங்களே வந்துடுங்க. இன்னிக்கு மட்டும்."

யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில், பின்னால், பக்கவாட்டில் உட்கார்ந்து லோகு வந்தாள். பெண்ணின் தாய்க்கு உரிய பச்சைப் பட்டு, வைர மூக்குத்தி, ஒரு கையில் ஆரத்தித் தட்டின் மஞ்சள் கறை. என்னிடம் இருந்து கடிவாளத்தை வாங்கினாள். கழுத்தைத் தடவினாள். "வா டீச்சர், போலாம்."

டீச்சர் அவளை முகர்ந்தது. பட்டு, சந்தனம், மல்லிகை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

லோகு அதன் முகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "என்னயே தெரியலயா உனக்கு?" பிறகு கழுத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "கன்னி, நீ ஒரு வார்த்த சொல்லுடி."

கன்னியம்மா மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி பேச மாட்ற?"

பேண்டு மாஸ்டர் நிலைமை புரிந்து குழலை இறக்கினார். சந்தியில் அப்படி ஓர் அமைதி.

"கன்னி!"

"இன்னா பேசணும்?" வெடித்தாள் கன்னியம்மா. "நீதான் எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டியே, சம்பந்திகிட்ட!"

டீச்சர் ஓர் அடி எடுத்து வைத்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் குளம்பு வந்து இறங்கியது என் தலைப்பில்.

"கல்யாணம் முடியட்டும், பொறுமையா சொல்லிக்கலாம்னு இருந்தேன்டி!"

"எப்ப? டீச்சர வித்தப்புறமா?"

இன்னொரு அடி. சாரட்டுச் சக்கரம் கிறீச்சிட்டது.

"எம் பொண்ணு வாழ்க்கடி அது! அவங்க வாய் விட்டுக் கேட்டாங்க, நான் இன்னா பண்ணட்டும்?"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லு! ஆறாவதுல என் தலையில பேன்னு எல்லாரும் தள்ளி உக்காந்தப்ப, ஒட்டி உக்காந்தவ நீ ஒருத்திதானே?"

"அதனால எனக்கும்தானே பேன் வந்துச்சி!"

"வந்துச்சில்ல? பேன கூடப் பங்கு போட்டுக்கினோம். இத்தப் பங்கு போட்டுக்க மாட்டியா நீ?"

வண்டி ஓடுகிறது. சந்தியைத் தாண்டிவிட்டோம். பேண்டு மாஸ்டர் உற்சாகமாகக் குழலை வாயில் வைத்து ஒரு பாட்டைத் தொடங்க, டீச்சர் டக்கென்று நின்றது.

"நிறுத்துய்யா!" ஒரே நேரத்தில் இருவரும்.

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கஞ்சியும் இல்லை, புடவையும் இல்லை. கன்னியம்மாவின் காய்ச்சலில் லோகு தனியாகப் போனபோது யாரோடு பேசியிருப்பாள்? தன் கழுத்துக்கு மேலால் இந்த இரண்டு குரலும் போய் வந்தால்தான் டீச்சருக்கு நடை. பேருந்து ஓட்டுநர் ஜன்னலால் தலையை நீட்டினார். "சண்டய நிறுத்தாதீங்கம்மா! நல்லா போவுது!"

"உன்ன நம்பித்தான தென்னேரில இருந்து தினம் பஸ் ஏறி வரேன்!"

"எனக்கு மட்டும் ஆசையா? உன்ன விட்டுட்டு நான் யார்கூடடி பேசுவேன்? எங்க வூட்டுக்காரர் கூடவா?" லோகுவின் கணவர் ஊர்வலத்தின் பின்னால் தாம்பூலப் பையோடு வந்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவள் சொன்னதும். "ராத்திரி எல்லாம் தூங்கலடி நானு!"

"தூங்காம இன்னா பண்ண?"

"அழுதேன்!"

"தனியாவா அழுத?" கன்னியம்மாவின் குரல் உடைந்தது. "கூப்புட்டிருந்தா வந்திருப்பேன்ல."

இதற்குப் பிறகு இருவராலும் பேச முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். டீச்சர் நின்றது. மண்டபத்துக்கு இன்னும் ஒரு தெரு.

சாரட்டின் மேலிருந்து மாப்பிள்ளை குனிந்தார். "அத்தே, வேற எதாச்சும் சண்ட பாக்கி இருக்குதா?"

லோகு யோசித்தாள். "என் பித்தள அண்டாவ வாங்கிக்கினு போயி ஒடுக்கிக் குடுத்தியே, அது?"

"அண்டாவா? அது நீ குடுக்கும்போதே ஒடுக்கு!"

"பொய் சொல்லாத!"

டீச்சர் திருப்தியாக நடந்தது. அண்டா ஒரு வீதி முழுவதற்கும் போதுமாயிருந்தது. பாதி வழியில் பக்கத்தில் இருந்து புதுக் குரல் ஒன்று. "அண்டா வாங்கினா அப்பிடித்தான் குடுப்பாங்க. எங்க ஓரகத்தி ஒருத்தி இருக்காளே..." மாப்பிள்ளையின் தாய். விசிறி இடுப்பில் செருகியிருந்தது. டீச்சரின் கழுத்தோரம், லோகுவுக்குப் பக்கத்தில், தன்னை அறியாமல் நடந்துகொண்டிருந்தார். அந்த ஓரகத்தி வாங்கிப்போய்த் திருப்பித் தராத பொருள்களைச் சொல்லச் சொல்ல, கன்னியம்மா "அப்பறம்?" என்று வலது பக்கத்தில் இருந்து கேட்கக் கேட்க, மண்டபம் வந்துவிட்டது. கதை முடியவில்லை என்று மூன்று பேருக்கும் வருத்தம்.

வாசலில் லோகு கடிவாளத்தை விட்டுவிட்டு, ஓடிப்போய் ஆரத்தித் தட்டை வாங்கினாள். பச்சைப் பட்டு முழுக்க வெள்ளை மயிர். ஆரத்தி சுற்றியபிறகு, தலை குனிந்தபடி, "சம்பந்தி, நான் குடுத்த வாக்கு..." என்று தொடங்கினாள்.

"அது கெடக்கட்டும்" என்றார் அவர். முதுகு மறுபடியும் நேராகிவிட்டது. "ஐப்பசில எங்க ஓரகத்தி பொண்ணுக்கு மாகறல்ல கல்யாணம். இந்தக் குதிரதான் வரணும். நீங்க ரெண்டு பேரும்தான் வரணும். நல்ல பொடவயா கட்டிக்கினு வாங்க, அவ்ளோதான்." படியேறியவர் திரும்பினார். "வழிக்குப் பேச்சு வேணும்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க. அவள பத்தி நெறைய இருக்குது."

கன்னியம்மா டீச்சரின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் அவளுடைய கொண்டையில் இருந்த பூவைத் தின்றது.

கலியாணம் நடந்தது. விருந்தில் எனக்குத் தனி மரியாதை. "இந்தக்கா குதிர வளக்குற தீவு" என்று என்னை அறிமுகம் செய்தார்கள். நான் மறுப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கடுத்த நாட்களில் மீதிச் சீலையும் தறியில் முடிந்து இறங்கியது. படம் எடுத்து அனுப்பினேன். ராணி உடனே ஃபோன் எடுத்து, நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "குதிரைக்கு லாடம் அடிச்சாச்சோ?" என்றாள். நான் தொடக்கத்தில் இருந்து சொன்னேன். அவளுடைய ஃபோனில் சார்ஜ் தீரும்வரை.

புறப்படும் காலை, பெரிய ரோடு வரைக்கும் வருகிறோம் என்றார்கள் இருவரும். டீச்சருக்கும் நடைதானே. இடது பக்கம் லோகு, வலது பக்கம் கன்னியம்மா. என் பை டீச்சரின் முதுகில். நான் முன்னால். தூரத்தில், டீச்சரின் பல்லுக்கு எட்டாத தூரத்தில், கன்னியம்மாவின் கணவர் ஷேர் ஆட்டோவோடு நின்றார்.

"அப்ப, போட்டு வாறன்" என்றேன்.

லோகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. டீச்சர் நடு ரோட்டில் அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் கத்தத் தொடங்கின.

"போயிட்டு வாங்கக்கா" என்றாள் கன்னியம்மா என்னிடம். பிறகு குதிரையின் கழுத்துக்கு மேலால் எட்டி, "அழுவாதடி, டீச்சர் நின்னுட்டா பாரு. சம்பந்தி ஃபோன்ல சொன்னாங்களே, அந்த ஓரகத்தி கதைல அப்பறம் இன்னா ஆச்சு, சொல்லு."